எட்டு சேனல் லாஜிக் அனலைசர்: 650 ரூபாய்க் கருவியில் ஆராய்ச்சி ஓடுமா?

ஓடும். ஆனால் டப்பா மேல் ஒட்டியிருக்கும் ‘24 மெகாஹெர்ட்ஸ், 8 சேனல்’ என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்கினால் ஓடாது. எட்டுக் கம்பிகளில் மின்சிக்னல் எப்போது மேலே போகிறது, எப்போது கீழே இறங்குகிறது என்று பதிவு செய்யும் இந்தப் பெயரில்லாத கறுப்புக் கருவி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிறது. இதை என் முனைவர் பட்ட வேலைக்காக ரொம்ப நாளாகப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறேன். இதைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் ஒரு எல்.ஈ.டி. சிமிட்டியதைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டவை. ராத்திரி முழுக்க ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் துறை நிகழ்நேரக் கணினிகள். காரில் பிரேக்கைக் கவனிக்கும் கணினிக்கு 10 மில்லி வினாடிக்கு ஒரு வேலை வருகிறது என்றால், அடுத்தது வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும். லட்சம் தடவை 2 மில்லி வினாடியில் முடித்துவிட்டு ஒரே ஒரு தடவை 11 எடுத்துக்கொண்டாலும் கெடு தவறியது தவறியதுதான். எங்கள் கைடு முன்னால் ‘சராசரி’ என்று ஆரம்பித்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

இதற்கான கணக்குகளைப் பெரியவர்கள் எப்போதோ போட்டு வைத்துவிட்டார்கள். அடிக்கடி வரும் வேலைக்கு அதிக முன்னுரிமை கொடுத்து, ஒன்றையொன்று சாராத வேலைகளாக இருந்து, பிராசசர் சுமார் 69 சதவீதத்துக்குள் நிரம்பியிருந்தால், எத்தனை வேலை இருந்தாலும் கெடு தவறாது என்று 1973இல் லியூவும் லேலண்டும் நிரூபித்தார்கள். 1986இல் மத்தாய் ஜோசப்பும் பரிதோஷ் பாண்டியாவும் ஒவ்வொரு வேலையும் மிக மோசமான நிலையில் எப்போது முடியும் என்று கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். இருவருமே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். எனக்குப் பாடம் எடுத்த யாரும் இதைச் சொன்னதில்லை, நானாகத்தான் தேடித் தெரிந்துகொண்டேன். சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சூத்திரங்கள் எல்லாவற்றிலும் ‘இந்த வேலை அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும்’ என்று ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடுவது நம் தலையெழுத்து. கட்டுரையை அனுப்பினால் வரும் முதல் கேள்வி, ‘இந்த எண்ணை எப்படி அளந்தீர்கள்?’

உள்ளிருந்தே அளக்கலாம். நான் வைத்திருக்கும் எஸ்டிஎம்32 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் கோர்ட்டெக்ஸ் எம்3 பிராசசர், 72 மெகாஹெர்ட்ஸ். அதற்குள்ளேயே பிராசசரின் கடிகாரத் துடிப்புகளை எண்ணும் கவுண்ட்டர் இருக்கிறது. ஆனால் அது 32 பிட், ஒரு நிமிஷம் ஆவதற்குள் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அப்புறம், எடுத்த எண்ணை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும், அந்த எழுதும் வேலையே அளக்கிற வேலையின் நேரத்தைக் கெடுக்கும். அதனால் வேலை தொடங்கும்போது போர்டின் ஒரு பின்னின் மின்னழுத்தத்தை மேலே தூக்கு, முடிந்ததும் கீழே இறக்கு, மிச்சத்தை வெளியே இருப்பவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். பின்னைத் தூக்க ஒரு ரெஜிஸ்டரில் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும், அதன் செலவு சில பத்து நானோ வினாடி. வெளியே இருந்து பார்க்கிறவன்தான் இந்தக் கறுப்பு டப்பா.

எஸ்.பி. ரோடு தெரியாதவர்களுக்கு: சதர் பத்ரப்பா ரோடு, டவுன்ஹாலுக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் நடக்கிற தூரம். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், ஆட்டோ வேண்டாம், அந்தச் சந்துகளில் ஆட்டோவை விடக் கால் வேகம். முதலாளிகள் இந்தியிலோ கன்னடத்திலோ பேசுவார்கள், உள்ளே சரக்கு எடுத்துத் தருகிற பையன்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு எடுத்துக் கொடுத்தவனுக்குச் சேலம் பக்கம்.

“அக்கா, இதுல ரெண்டு ரகம் இருக்கு. இது 650, அது 900. உள்ள இருக்கறது ஒரே சிப்புதான்.”

“அப்ப எதுக்குப்பா 250 அதிகம்?”

“அதுல நடுவுல ஒரு பஃபர் ஐசி போட்டிருக்கான். தெரியாம அதிக வோல்ட் குடுத்துட்டீங்கன்னா அதுதான் முதல்ல போகும். பெரிய சிப்பு தப்பிச்சுக்கும். நீங்க 5 வோல்ட்டுக்கு மேல போகலன்னா சின்னதே போதும்.”

விற்கிற சரக்கைப் பற்றி இவ்வளவு நேராகச் சொன்ன கடைக்காரப் பையனை நான் அந்தத் தெருவில் வேறு பார்த்ததில்லை. ஸ்டைபண்ட் இன்னும் வந்திருக்கவில்லை, 650ஐயே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தால் அவன் சொன்னது அப்படியே இருந்தது. நடுவில் சைப்ரஸ் எஃப்எக்ஸ்2எல்பி வகைச் சிப்பு, பக்கத்தில் 24 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், சில ரெசிஸ்டர்கள், யுஎஸ்பி மூக்கு. அவ்வளவுதான். கூடத் தருகிற ஒயர்கள் குப்பை. நுனி லூசு, ஒரு தடவை ஆட்டினால் கழன்று வந்துவிடும். கிரௌண்ட் ஒயர் லேசாக ஆடினாலே திரையில் இல்லாத துடிப்பெல்லாம் தெரியும், நடக்காத கெடு தவறல்கள் கணக்கில் ஏறும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னதாக நீங்களே ஒயர் செய்துகொள்ளுங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். சிக்ராக் என்ற திறந்த மூலத் திட்டத்தின் பல்ஸ்வியூவை லினக்ஸில் போட்டால் உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. கருவிக்குள் அதை இயக்கும் நிரல் (ஃபர்ம்வேர்) நிரந்தரமாகக் கிடையாது, ஒவ்வொரு தடவை செருகும்போதும் கணினிதான் அதை உள்ளே இறக்குகிறது. ஐ2சி, எஸ்பிஐ, கேன் என்று சிப்புகளும் கணினிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைகளின் சிக்னலைப் பிரித்துப் படித்துச் சொல்லும் வசதியும் உண்டு. கேன் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸின் இரண்டு கம்பிகளிலும் கை வைக்காதீர்கள், அந்தக் கம்பிகளுக்கும் பிராசசருக்கும் நடுவில் இருக்கும் டிரான்சீவர் சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் பின்னில் மாட்டுங்கள். வேறொரு கம்பெனியின் விலை உயர்ந்த கருவியுடைய மென்பொருளை இதில் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அந்தக் கம்பெனி தன் கருவியை வாங்கியவர்களுக்காகச் செய்தது, நமக்கு வேண்டாம்.

இனி 24 மெகாஹெர்ட்ஸ் கதை.

ஸ்டிக்கரில் பொய் இல்லை. வினாடிக்கு 2.4 கோடி சாம்பிள், சுமார் 42 நானோ வினாடிக்கு ஒன்று, எடுக்கிறது. எட்டு சேனலுக்கும் சேர்த்து ஒரு சாம்பிள் ஒரு பைட். ஆனால் எடுத்ததை வைத்துக்கொள்ள உள்ளே இடமில்லை. சிப்பில் யுஎஸ்பிக்கென்று இருக்கும் தற்காலிக நினைவகம் (இதற்கும் பஃபர் என்றுதான் பெயர்) மொத்தமே 4 கிலோபைட். அது முழுவதும் நமக்குக் கிடைத்தாலும், 24 மெகாஹெர்ட்ஸில் நிரம்ப ஆகும் நேரம் சுமார் 170 மைக்ரோ வினாடி. அதாவது என் லேப்டாப் 170 மைக்ரோ வினாடிக்கு ஒரு தடவையாவது வந்து அள்ளிக்கொண்டு போயாக வேண்டும். தவறினால் போச்சு. கெடு தவறுகிறதா என்று பார்க்க வாங்கிய கருவிக்கே ஒரு கெடு, அதைக் காப்பாற்ற வேண்டியது பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்திருக்கும் என் லேப்டாப்!

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தரவு போவது யுஎஸ்பியின் ‘பல்க்’ வகைப் பரிமாற்றத்தில். அதில் பிழை வந்தால் மறுபடி அனுப்பும், தரவு கெடாமல் சேரும். எப்போது சேரும் என்பதற்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை, மற்ற எல்லாரும் எடுத்துக்கொண்ட மிச்ச நேரத்தில்தான் இதற்கு வழி. இதே யுஎஸ்பியில் ‘ஐசோக்ரோனஸ்’ என்று இன்னொரு வகை உண்டு, வெப்கேம் போன்றவை பயன்படுத்துவது. அதற்கு நேரம் முன்கூட்டியே ஒதுக்கப்படும், ஆனால் பிழை வந்தால் மறுபடி அனுப்பாது. நம்பகமும் நேரமும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன். மேசை மேல் இருக்கும் கேபிளில் அது நடந்துகொண்டிருப்பது இந்த டப்பாவைக் குடைந்த பிறகுதான் உறைத்தது.

நடைமுறையில் நான் பார்த்தது இது. லேப்டாப்பில் வேறு எதுவும் ஓடாமல், நேரடிப் போர்ட்டில் செருகியிருந்தால் 24இல் ஓடுகிறது. யுஎஸ்பி ஹப்பில் செருகி அதிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க்கோ வெப்கேமோ சேர்ந்தால், வீடியோ மீட்டிங் ஒன்று திறந்தால், பிடிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ‘நின்றுவிடுகிறது’ என்பதை நல்ல விஷயமாகத்தான் சொல்கிறேன். பஃபர் நிரம்பியதும் இந்த ஃபர்ம்வேர் கையைத் தூக்கிவிடும், இத்தனை சாம்பிள்தான் வந்தது என்று பல்ஸ்வியூவும் சொல்லிவிடும். நடுவில் சாம்பிள்களைக் கொத்தாக விழுங்கிவிட்டு எதுவும் நடக்காத மாதிரி தொடர்ந்திருந்தால் 11 மில்லி வினாடி வேலை 9 ஆகத் தெரிந்திருக்கும், நானும் கட்டுரையில் அதைப் போட்டிருப்பேன். கெட்டுப்போனால் தப்பாகப் பேசாமல் நின்றுவிட வேண்டும், நின்றது மற்றவர்களுக்குத் தெரியவும் வேண்டும் என்ற குணத்துக்கு 1983இல் ஷ்லிக்டிங்கும் ஷ்னைடரும் ‘ஃபெயில் ஸ்டாப்’ என்று பெயர் வைத்து எழுதினார்கள். 650 ரூபாய்க்கு அந்தக் குணம் கிடைப்பது லாபம்தான்.

எனக்கு 24 தேவையே இல்லை என்பது வேறு விஷயம். மில்லி வினாடிகளில் ஓடும் வேலைக்கு 1 மைக்ரோ வினாடித் துல்லியம் தாராளம். 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அதே 4 கிலோபைட் நிரம்ப 4 மில்லி வினாடி ஆகிறது, லேப்டாப் சாவகாசமாக வரலாம். அரிதாக நடக்கும் தாமதத்தைப் பிடிக்க ஒரு வினாடியைக் கூர்ந்து பார்த்துப் பயனில்லை, எட்டு மணி நேரம் விடாமல் பார்த்திருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 29 ஜிபி ஆகும், பல்ஸ்வியூவின் நினைவகத்தில் அது அடங்காது. அதனால் சிக்ராக்கின் கட்டளை வரி வடிவத்தைத் தொடர் ஓட்டத்தில் விட்டு, வெளியே வருவதைச் சின்ன பைத்தான் நிரலுக்குள் பாய்ச்சி, சிக்னல் மாறும் இடங்களை மட்டும் எழுதி வைக்கிறேன். காலையில் வந்தால் சில எம்பிக்குள் முடிந்திருக்கும்.

எட்டாவது சேனலை நான் எந்த வேலைக்கும் கொடுப்பதில்லை. அதில் ஒரு ஜிபிஎஸ் மாட்யூலின் வினாடித் துடிப்புப் பின்னை மாட்டியிருக்கிறேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் 10 லட்சம் சாம்பிள் இருக்க வேண்டும். பத்து இருபது கூடக் குறைய வந்தால் கிறிஸ்டலின் பிசகு, ஆயிரக்கணக்கில் குறைந்தால் சாம்பிள் காணாமல் போயிருக்கிறது, அந்த ராத்திரியின் கணக்கையே தள்ளிவிடலாம். எங்கள் லேப் ஜன்னலுக்கு வெளியே பெரிய மழைமரம், ஆன்டெனாவைக் கம்பியில் கட்டி வெளியே நீட்டினால்தான் சாட்டிலைட் பிடிக்கிறது. செக்யூரிட்டி அண்ணா மேலே பார்த்து ‘ஏனம்மா இது’ என்று கன்னடத்தில் கேட்டு, பதிலில் திருப்தியில்லாமல் போனார்.

கிறிஸ்டல் பிசகு அலட்சியம் செய்கிற விஷயம் இல்லை. 10 லட்சத்தில் 50 பங்கு பிசகு என்று வைத்துக்கொண்டால், 10 மில்லி வினாடி வேலையில் அது அரை மைக்ரோ வினாடி, கவலையில்லை. எட்டு மணி நேரத்தில் அதே பிசகு 1.4 வினாடிக்கு மேல் போய்விடும். சின்னப் பிழை நேரத்தோடு சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லாரும் சொல்லும் உதாரணம் 1991 பிப்ரவரி 25. சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைக் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணி வைத்திருந்தது. பத்தில் ஒன்று என்பதை 24 பிட்டில் முழுசாக எழுத முடியாது. சுமார் 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் 0.34 வினாடி சேர்ந்துவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தப்பான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

லேபில் எல்லாருக்கும் பிடித்துப்போன பயன் வேறு. ஜூனியர்களுக்கு முன்னுரிமைத் தலைகீழாவதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்தாலும் ஏறுவதில்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளத்தில் ஒரு வேலையிலிருந்து (டாஸ்க்) இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் நம் இரண்டு வரியைச் செருக வழி இருக்கிறது. ஓடும் டாஸ்க்கின் பின் மட்டும் மேலே இருக்கும்படி செய்து மூன்று டாஸ்க்குகளை ஓடவிட்டேன். முன்னுரிமை குறைந்த கீழ்மட்ட டாஸ்க், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய ஒரு பூட்டை எடுக்கிறது, அதன் கோடு கொஞ்ச தூரம் மேலே போகிறது. மேல்மட்ட டாஸ்க் எழுகிறது, முள் மாதிரி ஒரு மெல்லிய துடிப்பு, பூட்டு கிடைக்காமல் உடனே படுத்துவிடுகிறது. அப்போது பூட்டோடு சம்பந்தமே இல்லாத நடுமட்ட டாஸ்க் எழுந்து திரையின் பாதி அகலத்துக்கு நீட்டி நிமிர்ந்து ஓடுகிறது. பூட்டை வைத்திருப்பவனால் அதை விட முடியவில்லை, மேல்மட்டத்தான் காத்துக் கிடக்கிறான். இந்தப் பூட்டு பைனரி செமஃபோர் என்ற வகை. அதை மியூட்டெக்ஸ் என்ற வகையாக மாற்றி மறுபடி ஓட்டினால், பூட்டை வைத்திருப்பவனுக்கு மேல்மட்டத்தின் முன்னுரிமை கடனாகக் கிடைக்கிறது, அந்த நீளக் கோடு அப்படியே வலப்பக்கம் தள்ளிப்போய்விடுகிறது. கரூரிலிருந்து வந்திருக்கும் தம்பி ஒருவன், “அக்கா, செவ்வாய்ல நடந்ததும் இதுதானா?” என்றான். இதேதான். 1997இல் மார்ஸ் பாத்ஃபைண்டர் தரையிறங்கிய பிறகு, வானிலை டாஸ்க்கின் கையில் பூட்டு மாட்டிக்கொண்டு, தரவு போகும் பஸ்ஸைக் கவனிக்கும் முக்கிய டாஸ்க் காத்துக் கிடந்து, கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. பூமியிலிருந்து மாற்றம் அனுப்பி அணைத்து வைத்திருந்த முன்னுரிமைக் கடனை இயக்கினார்கள். அந்தக் கடன் முறையை 1990இல் முழுசாக எழுதிய மூவரில் ஒருவர் ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி.யில் படித்தவர். இதைச் சொன்னதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

லினக்ஸ் பக்கமும் உதவுகிறது. லினக்ஸை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும், சுமார் 20 வருஷம் தனிப் பேட்சாகவே இருந்த பிரீம்ப்ட்-ஆர்டி 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் மைய லினக்ஸோடு சேர்ந்துவிட்டது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் அதைப் போட்டு, சுமையேற்றிவிட்டு, பின்னை வெளியே இருந்து பார்ப்பேன். தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் நிரல் உள்ளிருந்து சொல்லும் எண்ணையும் டப்பா வெளியிலிருந்து சொல்வதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பிக்கலாம், அதுவே ஒரு மாச வேலை.

இதனால் ஆகாதவை: எந்த ரகத்திலும் 12 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுக்கக் கூடாது. கார் போர்டுகளில் வேலை என்றால், தெரியாமல் கொடுத்துவிட்டாலும் பெரிய சிப்பு தப்பிக்க அந்த 900 ரூபாய் ரகத்தை வாங்குங்கள். 1.8 வோல்ட் போர்டுகளை நம்பிப் படிக்காது. சிக்னலின் வடிவம் தெரியாது, மேலே, கீழே என்பது மட்டும்தான். லேப்டாப் சார்ஜரில் எர்த் முள் இல்லையென்றால் பேட்டரியில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கிரௌண்ட் வழியாக இரைச்சல் வரும். பத்து நானோ வினாடி அளவில் பார்க்க வேண்டியவர்கள் ஆர்பி2040 சிப்புள்ள பைக்கோ போர்டில் லாஜிக் அனலைசர் நிரல் போட்டுப் பார்க்கலாம். அது தன் 264 கிலோபைட் நினைவகத்திலேயே பிடித்துக்கொண்டு பிறகு நிதானமாக அனுப்பும், யுஎஸ்பி கெடு தொல்லை இல்லை. பிடிப்பது மட்டும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, இது எந்தக் கருவியின் குறையும் அல்ல. ராத்திரி முழுக்கப் பார்த்ததில் பெரிய எண் 7.3 மில்லி வினாடி என்றால், நாளை 7.4 வராது என்று இந்த டப்பா சொல்லாது. பல லட்ச ரூபாய்க் கருவியும் சொல்லாது. அந்த உறுதி வேண்டுமென்றால் நிரலையும் பிராசசரின் கேஷ், பைப்லைன் நடத்தையையும் ஓட்டாமலேயே ஆராய்ந்து மேல்வரம்பு சொல்லும் முறைகளுக்குப் போக வேண்டும். ஏர்பஸ் விமான மென்பொருளுக்கு அப்சின்ட் கம்பெனியின் ஏஐடி போன்ற மென்பொருள்கள் பயன்படுவது அதனால்தான். என் கட்டுரையில் ‘அளந்ததில் அதிகபட்சம்’ என்றே எழுதுகிறேன், ‘அதிகபட்சம்’ என்று எழுதுவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கியிருக்கும். லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கடையிலேயே செருகி, பல்ஸ்வியூவில் எட்டுச் சேனலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், ஒரு சேனல் செத்த கருவிகளும் அந்தக் குவியலில் உண்டு. லேப் கணக்கில் ஏற்றுவதாக இருந்தால் ஜிஎஸ்டி பில் வேண்டும் என்று விலை பேசும் முன்பே சொல்லிவிடுங்கள். நான் கேட்காமல் கொண்டுவந்த துண்டுச் சீட்டு எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவின் மேசையில் இன்னும் கிடக்கிறது, 650 ரூபாய்க்குக் கைடு, துறைத் தலைவர், கொள்முதல் கமிட்டி என்று மூன்று கையெழுத்து வேண்டுமாம்.